வங்கியின் சுற்றுச்சூழல் தடம்: கிளையின் மின்கட்டணத்திலிருந்து கடன் கோப்பு வரை

நடுத்தர அளவிலான ஒரு தனியார் வங்கியின் தலைமை அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்களுக்குத் தொழிற்சாலை இல்லை, புகைபோக்கி இல்லை, கழிவுநீர் வாய்க்காலும் இல்லை. ஆனாலும் ஆண்டறிக்கையோடு வெளியிட வேண்டிய நிலைத்தன்மை அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் வங்கியின் சுற்றுச்சூழல் தடத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது? எதுவரை அளப்பது? அளந்ததை எப்படி எழுதுவது?"

வங்கி ஒன்றில் எளிதாகவும் துல்லியமாகவும் அளக்கக்கூடிய பகுதிதான் அதன் தடத்தில் மிகச் சிறிய பகுதி. மிகப் பெரிய பகுதி அது கொடுத்த கடன்களில் இருக்கிறது. அதை ஆரம்பத்தில் தோராயமாகத்தான் அளக்க முடியும். இந்த முரணைப் புரிந்துகொண்டு, இரண்டு எண்களையும் அவற்றின் நம்பகத்தன்மையோடு சேர்த்து வெளியிடுவதே நல்ல அறிக்கை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன்களின் தடத்தை அளக்கத் தேவையான தரவில் கணிசமான பங்கு உங்கள் கிளைகளில் இருக்கும் கடன் கோப்புகளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதை இதுவரை யாரும் அந்த நோக்கத்தோடு எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

முதலில் சட்டம் கேட்பது என்ன என்று பார்ப்போம். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2021 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின் மூலம் 'வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை' என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது, சுருக்கமாக பி.ஆர்.எஸ்.ஆர். என்கிறோம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு இது 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமானது. 2023 ஜூலையில் அதன் சாரமாக 'பி.ஆர்.எஸ்.ஆர். கோர்' வந்தது. அதில் உள்ள எண்களை வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி முதல் 150 நிறுவனங்களில் தொடங்கி, 2026-27க்குள் முதல் 1000 நிறுவனங்களுக்கும் விரியும்படி படிப்படியாக வகுக்கப்பட்டது. பசுங்குடில் வாயு உமிழ்வு, தண்ணீர், எரிசக்தி, கழிவு ஆகிய நான்கும் இதன் சுற்றுச்சூழல் தலைப்புகள்.

இந்த வடிவத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. உமிழ்வைக் கணக்கிடும் உலகப் பொது நெறியான ஜிஹெச்ஜி புரோட்டோகால் உமிழ்வுகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. நாமே எரிக்கும் எரிபொருளும் நம் சாதனங்களிலிருந்து கசியும் வாயுவும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. நம் செயலின் முன்னும் பின்னும் பிறரிடத்தில் நிகழும் உமிழ்வுகள் ஸ்கோப் 3. இதற்குள் பதினைந்து பிரிவுகள் உண்டு, பதினைந்தாவது பிரிவு முதலீடுகள். வங்கி கொடுக்கும் கடன் அந்தப் பிரிவில்தான் வருகிறது. பி.ஆர்.எஸ்.ஆர். வடிவத்தில் முதல் இரண்டும் கட்டாயக் குறியீடுகள். ஸ்கோப் 3 விருப்பத்தின் பேரில் தரப்படும் முன்னோடிக் குறியீடு. தொழிற்சாலைக்கு இந்த வரிசை ஓரளவு பொருந்தும். வங்கிக்குப் பொருந்தவே பொருந்தாது. நிதி நிறுவனங்களிடம் தரவு திரட்டும் சிடிபி அமைப்பு, 2020இல் தனக்கு வந்த தகவல்களை ஆராய்ந்தபோது, கடன் மற்றும் முதலீடுகளின் வழியே நிகழும் உமிழ்வு அந்நிறுவனங்களின் சொந்த உமிழ்வைப்போல் சராசரியாக 700 மடங்குக்கும் அதிகம் என்று கண்டது. ஆக, கட்டாயமான கட்டங்களை மட்டும் நிரப்பி நிறுத்திக்கொள்ளும் வங்கி, தன் தடத்தின் நுனியைத்தான் காட்டுகிறது.

அதற்காகக் கிளைகளின் கணக்கை அலட்சியப்படுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. சிறிய கணக்கை ஒழுங்காகப் போடத் தெரியாத வங்கி பெரிய கணக்கை ஒருபோதும் ஒழுங்காகப் போடாது. கிளைக் கணக்கில் எங்கெல்லாம் தடுக்கி விழுகிறோம் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கிளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். ஒரு கிளைக்கு மார்ச் 10ஆம் தேதி, இன்னொன்றுக்கு ஏப்ரல் 18ஆம் தேதி என்று ரீடிங் நாள் மாறும். நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. பல கிளைகளில் மின் இணைப்பு கட்டட உரிமையாளரின் பெயரில் இருக்கும். மாடியில் அவர் குடியிருந்தால் இரண்டுக்கும் ஒரே மீட்டராகக்கூட இருக்கும். நான் சரிபார்த்த ஒரு வங்கியின் அட்டவணையில், சில கிளைகளுக்கு ஓராண்டில் ஏழு பில்களும் மறு ஆண்டில் ஐந்து பில்களும் ஏறியிருந்தன. ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் அந்தக் கிளைகள் 28 சதவீதத்துக்கு மேல் மின்சாரத்தை மிச்சப்படுத்தியதாகக் கணக்கு காட்டியது. இதற்குத் தீர்வு எளிமையானது. ஒவ்வொரு கிளைக்கும் ஆண்டுக்கு ஆறு பில், ரீடிங் தேதிகளோடு பதிவாக வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நாள் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். முக்கியமாக, பணத்தைப் பதிவுசெய்யாமல் யூனிட்டைப் பதிவுசெய்ய வேண்டும். கணக்குப் பிரிவு ரூபாயை மட்டுமே வைத்திருக்கும். கட்டண உயர்வு வந்த ஆண்டில் ரூபாயை யூனிட்டாகத் திருப்பிப் போட்டால் விடை தவறாகத்தான் வரும்.

யூனிட் கிடைத்துவிட்டால், மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் மின்தொகுப்பு உமிழ்வுக் காரணியால் பெருக்க வேண்டும். இந்தியத் தொகுப்புக்கு அது அண்மை ஆண்டுகளில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சற்று மேல் இருந்துவருகிறது. எந்தப் பதிப்பை எடுத்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். நாட்டின் மின்தொகுப்பில் சூரிய மின்சாரம் கூடியதால் உங்கள் உமிழ்வு குறைந்தால், அந்தப் பெருமை உங்களுடையதல்ல என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து ஜெனரேட்டர். லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ என்பது டீசலுக்கான கணக்கு. இதில் குழப்பம் ஏதும் இல்லை. குழப்பம் பதிவேட்டில்தான் இருக்கிறது. கிளையின் டீசல் நோட்டில் வாங்கிய அளவு இருக்கும், மீதமிருந்த அளவு இருக்காது. வணிக வளாகத்தின் பொது ஜெனரேட்டராக இருந்தால் பராமரிப்புக் கட்டணத்துக்குள் டீசலும் கரைந்துபோயிருக்கும்.

இவற்றைவிட அதிகம் விட்டுப்போவது ஏசி வாயு. கோடைக்கு முன் மெக்கானிக் வந்து வாயு நிரப்பிவிட்டுப் போவார். பில்லில் 'கேஸ் ஃபில்லிங் - 1' என்று ஒரு வரியும் தொகையும் மட்டும் இருக்கும். எந்த வாயு, எத்தனை கிலோ என்று இருக்காது. பரவலாகப் பயன்படும் ஆர்-410ஏ வாயுவின் ஒரு கிலோ, புவி வெப்பமாதல் கணக்கில் சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒன்றரைக் கிலோ கசிந்துபோனால் மூன்று டன். அது ஏறத்தாழ 4,200 யூனிட் மின்சாரத்துக்கு ஈடு. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயுவுக்கு வேறு விதி: அது ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வருவதால் ஸ்கோப் 1 கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும். சரிபார்ப்பவர் இதைக் கட்டாயம் கேட்பார். ஏசி பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'வாயுவின் பெயரும் எடையும் பில்லில் இருக்க வேண்டும்' என்ற ஒரு வரியைச் சேர்த்தால், அடுத்த ஆண்டே இந்தச் சிக்கல் தீரும்.

யுபிஎஸ் பேட்டரிகளிலும் இதே கதைதான். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது விலையில் கழிவு கிடைக்கும். ஆனால் போன பழைய பேட்டரியின் எடையும் அது யாரிடம் போனது என்பதும் பதிவாகாது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் மின்னணுக் கழிவு விதிகளும் இருக்கும்போது இது சட்டப் பிரச்சினையும்கூட. தண்ணீருக்குப் பெரும்பாலான கிளைகளில் மீட்டரே கிடையாது. அலுவலகங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்ற கட்டட நெறிமுறை அளவை வைத்துக் கணக்கிட்டு, அது மதிப்பீடு என்று வெளிப்படையாக எழுதினால் போதும். அதற்கு மேல் உழைப்பைச் செலவிடத் தேவையில்லை.

கிளைகளுக்கு வெளியே தனியாக நிற்கும் ஏடிஎம்களில் எல்லைப் பிரச்சினை வரும். நீங்களே இடத்தை வாடகைக்கு எடுத்து மின்கட்டணம் கட்டுகிற ஏடிஎம் உங்கள் ஸ்கோப் 2. ஒப்பந்ததாரர் எல்லாவற்றையும் நடத்தி, பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் அது ஸ்கோப் 3. இரண்டுமே சரி, ஆனால் எந்த அளவுகோலால் பிரித்தீர்கள் என்பதை எழுத வேண்டும். அப்படி எழுதாவிட்டால், ஏடிஎம்களை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்த ஆண்டில் ஸ்கோப் 2 சரிந்து, அது சாதனை போலத் தெரியும். வங்கிகள் இணையும்போதும் இதே கவனம் தேவை. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்ததைப் போன்ற பெரிய இணைப்புகளுக்குப் பிறகு, ஒப்பீட்டுக்கு வைத்த பழைய அடிப்படை ஆண்டை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் பொருள் இருக்காது. அடிப்படை ஆண்டின் எண்ணை, இணைந்த இரண்டு வங்கிகளையும் சேர்த்துத் திருத்திப் போட வேண்டும்.

இனி கடன்களுக்கு வருவோம். பாரிஸ் பருவநிலை மாநாடு நடந்த 2015இல், ஏஎஸ்என் வங்கியின் முன்முயற்சியால் நெதர்லாந்து நிதி நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து கடன்களின் கார்பனை அளக்கும் முறை ஒன்றை உருவாக்கத் தொடங்கின. அதுவே பின்னர் பிசிஏஎஃப் என்ற உலகளாவிய கூட்டமைப்பாக வளர்ந்து, 2020 நவம்பரில் தன் கணக்கு நெறியை வெளியிட்டது. 2022 டிசம்பரில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் அடிப்படைக் கருத்து நம் ஊர்க் கூட்டுவியாபாரப் பங்குக் கணக்கைப் போன்றது. ஒரு தொழிலில் போடப்பட்ட மொத்தப் பணத்தில், அதாவது முதலும் கடனும் சேர்ந்த தொகையில், வங்கியின் நிலுவைக் கடன் எத்தனை பங்கோ, அந்தத் தொழிலின் உமிழ்விலும் அத்தனை பங்கு வங்கியைச் சேரும். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமென்றால் வகுக்கும் எண்ணாகச் சந்தை மதிப்பும் கடனும் சேர்ந்த நிறுவன மதிப்பு வரும். வீட்டுக் கடனுக்கும் வாகனக் கடனுக்கும் கடன் கொடுத்தபோது அந்தச் சொத்துக்கு இருந்த மதிப்பு வரும். இப்படி வங்கியைச் சேரும் உமிழ்வை இந்தப் பதிலில் கடன்வழி உமிழ்வு என்று சொல்கிறேன்.

இதன் எடை என்ன என்று ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். 600 கிளைகள் உள்ள வங்கி, கிளைக்கு ஆண்டுக்கு 15,000 யூனிட் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 90 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 0.72 கிலோ வீதம் உமிழ்வு சுமார் 6,480 டன். அதே வங்கி, 660 மெகாவாட் நிலக்கரி மின் அலகு ஒன்றுக்கு மற்ற வங்கிகளோடு சேர்ந்து கடன் கொடுத்திருக்கிறது. திட்டத்தில் போடப்பட்ட மொத்தப் பணத்தில் அதன் பங்கு 5 சதவீதம். அந்த அலகு தன் திறனில் 70 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் மெகாவாட் மணி மின்சாரம் தரும். மெகாவாட் மணிக்கு 0.9 டன் வீதம் 36 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். வங்கியின் 5 சதவீதப் பங்கு 1,80,000 டன். அறுநூறு கிளைகளின் ஓராண்டு மின்சாரத்தைப்போல் ஒரே ஒரு கடன் 28 மடங்கு கனக்கிறது. எல்லாக் கிளைகளிலும் எல்இடி விளக்கு மாட்டுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கடன் விண்ணப்பத்தின் மேல் இயக்குநர் குழு எடுத்த முடிவோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்தக் கணக்குக்கான தரவு எங்கிருந்து வரும் என்பதுதான் எல்லோரும் திகைத்து நிற்கும் இடம். பிசிஏஎஃப் இதை நேர்மையாக எதிர்கொள்கிறது. தரவின் தரத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. 1 மிகச் சிறந்தது, 5 மிக மோசமானது. கடன் வாங்கிய நிறுவனமே அளந்து, வெளியார் சரிபார்த்த உமிழ்வு என்றால் 1. சரிபார்க்கப்படாத எண், அல்லது அந்த நிறுவனம் உண்மையில் செலவிட்ட மின்சாரத்தையும் எரிபொருளையும் வைத்துப் போட்ட கணக்கு என்றால் 2. உற்பத்தி அளவை வைத்துப் போட்டால் 3. விற்பனைத் தொகையை மட்டும் வைத்து, 'இந்தத் துறையில் இத்தனை ரூபாய்க்கு இத்தனை கிலோ' என்று துறைச் சராசரியால் பெருக்கினால் 4. கடன் தொகையைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போட்டால் 5. நிலுவைத் தொகையின் எடையில் இந்த மதிப்பெண்களுக்குச் சராசரி கண்டு, உமிழ்வு எண்ணின் பக்கத்திலேயே அதை அச்சிட வேண்டும். முதல் ஆண்டில் உங்கள் சராசரி 4க்கு மேல் வந்தால் வெட்கப்பட வேண்டாம், மறைப்பதுதான் தவறு.

இந்திய வங்கிகள் பலவும் இங்கே துறைச் சராசரியைப் போட்டு நிறுத்திவிடுகின்றன. திருப்பூரில் உள்ள ஒரு சாயப்பட்டறையின் கடன் கோப்பைத் திறந்து பாருங்கள் என்று நான் சொல்வேன். தொழிலின் அன்றாடச் செலவுகளுக்கான நடைமுறை மூலதனக் கடனை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது, பட்டறை உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க, கடன் அதிகாரி உயர் அழுத்த மின் இணைப்பின் பில்களை வாங்கி வைத்திருப்பார். பாய்லருக்கு வாங்கும் விறகின் தொகை லாப நட்டக் கணக்கில் இருக்கும். பில்லைக் கேட்டால் டன் கணக்கும் கிடைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை கோப்பில் இருக்கும். நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் அனுமதி என்று அதிலேயே எழுதியிருக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் யூனிட் மின்சாரம் செலவிடும் பட்டறை என்றால், மின்சாரத்துக்கு மட்டும் 360 டன். முதலும் கடனும் சேர்ந்து 10 கோடி, உங்கள் நிலுவை 4 கோடி என்றால் உங்கள் பங்கு 144 டன். விறகு எரிப்பதால் வரும் கார்பன் டை ஆக்சைடை உயிர்ம வகையாகத் தனியே காட்டி, அதோடு வரும் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் பட்டறையின் ஸ்கோப் 1இல் சேரும். இவ்வளவும் கடன் அதிகாரி ஒருவர் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை. தர மதிப்பெண் 4 அல்லது 5இலிருந்து 2க்கு மேம்பட்டுவிடுகிறது.

திருப்பூரை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். தடம் என்றால் கார்பன் மட்டும் என்று எண்ணுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த ஊர் காட்டுகிறது. சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை நீரைக் கெடுத்தது. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரே வெளியேறக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூடச் சொன்னது. சூழல் பாதிப்பு நேராகக் கடன் இடராக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை. அதற்குப் பின் வந்த முழுச் சுத்திகரிப்பு முறையில், எதிர்ச் சவ்வூடு பரவல் கருவிகளும் நீரை ஆவியாக்கும் இயந்திரங்களும் மின்சாரத்தையும் நீராவியையும் ஏராளமாக உறிஞ்சுகின்றன. ஆகவே ஆற்றைக் காப்பாற்றும் பட்டறையின் கார்பன் எண் கூடும். கள்ளத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறையின் கார்பன் எண் குறையும். கார்பனை மட்டும் பார்த்து வட்டிச் சலுகை தரும் வங்கி, தவறு செய்பவருக்குப் பரிசு கொடுத்துவிடும். இதனால்தான் நீரையும் மண்ணையும் உயிரினங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் டிஎன்எஃப்டி பரிந்துரைகள் 2023 செப்டம்பரில் வெளிவந்தபோது நான் மகிழ்ந்தேன். அவற்றை முழுதாகப் பின்பற்ற உங்கள் வங்கிக்கு இப்போது இயலாமல் போகலாம். நீர் மிகுதியாகத் தேவைப்படும் தொழில்களுக்குக் கொடுத்த கடன், எந்தெந்த ஆற்றுப் படுகையில் எவ்வளவு என்று ஒரு பக்க அட்டவணை போட இயலும்.

அளக்க முடியாதவற்றையும் சொல்லியாக வேண்டும். தென்னிந்திய வங்கிகளின் கடன்களில் நகைக்கடனுக்குப் பெரிய இடம் உண்டு. அடகு வைத்து வாங்கிய பணம் உரத்துக்குப் போனதா, கல்லூரிக் கட்டணத்துக்குப் போனதா, பழைய கடனை அடைக்கப் போனதா என்று வங்கிக்குத் தெரியாது. பயன் தெரியாத தனிநபர் கடன்களுக்கு பிசிஏஎஃப் முறையிலும் கணக்கு இல்லை. சிலர் ஏதாவது ஒரு சராசரியைப் போட்டு இந்த இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மொத்தக் கடனில் இத்தனை சதவீதம் அளவிடப்படவில்லை, காரணம் இது என்று எழுதுவதே முறை. நெல் சாகுபடிக்குக் கொடுத்த கடன் அப்படியல்ல. நீர் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுவது தெரிந்த உண்மை. பரப்பளவு கடன் விண்ணப்பத்தில் இருக்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மதிப்பிட வழியும் உண்டு. ஆனால் ஒரு ஏக்கர் உழவரின் மீத்தேனும் அனல்மின் நிலையத்தின் புகையும் ஒரே கூட்டுத்தொகைக்குள் மறைந்துவிடாதபடி துறைவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். முன்னுரிமைத் துறைக் கடன் விதிப்படி வேளாண்மைக்குக் கடன் கொடுத்தே ஆக வேண்டிய வங்கிக்கு அந்த எண்ணைக் குறைக்கும் வழி, கடனைக் குறைப்பதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறைக்கு உழவர் மாற உதவுவது.

எண்கள் குறைந்ததும் மகிழ்ந்துவிடாமல், ஏன் குறைந்தன என்று கேட்பது அறிக்கை எழுதுபவரின் முக்கியக் கடமை. அனல்மின் கடன் தவணை தவணையாக அடைபட அடைபட வங்கியின் பங்கு சுருங்கும். புகைபோக்கியிலிருந்து வரும் புகை அப்படியே இருக்கும். பங்குச்சந்தை ஏறினால் நிறுவன மதிப்பு ஏறி, வகுக்கும் எண் பெரிதாகி, கடன்வழி உமிழ்வு தானாகக் குறையும். வருமான ரூபாய்க்கு இத்தனை கிலோ என்று செபி கேட்கும் செறிவு எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டிக் கடன்களின் வருமானம் அதனால் கூடியது. வருமானம் கூடினால் செறிவு குறையும். வட்டி உயர்வைச் சூழல் முன்னேற்றமாகப் படிக்க விட்டுவிடக் கூடாது. இந்த ஆண்டின் மாற்றத்தில் கடன் அடைபட்டதால் எவ்வளவு, மதிப்பு மாறியதால் எவ்வளவு, தரவு மேம்பட்டதால் எவ்வளவு, கடன் வாங்கியவர் உண்மையில் குறைத்ததால் எவ்வளவு என்று பிரித்து ஒரு பத்தி எழுதுங்கள். அறிக்கை முழுவதிலும் நான் முதலில் தேடிப் படிக்கும் பத்தி அதுதான். பெரும்பாலான அறிக்கைகளில் அது இருப்பதில்லை.

காற்றாலைக்குக் கொடுத்த கடனால் 'தவிர்க்கப்பட்ட உமிழ்வு' இவ்வளவு என்று காட்ட விரும்பினால் தாராளமாகக் காட்டலாம். ஆனால் அதைத் தனி வரியில் காட்ட வேண்டும். நிலக்கரிக் கடனின் உமிழ்விலிருந்து கழிக்கக் கூடாது. நட்ட மரக்கன்றுகளுக்கும் இதே விதிதான்.

ரிசர்வ் வங்கியும் இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. பருவநிலை சார்ந்த நிதி இடர்களை வெளியிடுவதற்கான வரைவுக் கட்டமைப்பை அது 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. நிர்வாகம், உத்தி, இடர் மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும் என்று நான்கு தூண்கள் அதில் உண்டு. கடன்வழி உமிழ்வு நான்காவது தூணில் வருகிறது. ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற, பருவநிலைத் தகவல்களை வெளியிடுவதற்கான சர்வதேச நெறியும் வங்கிகளிடம் கடன்வழி உமிழ்வைக் கேட்கிறது. ஆகவே ஸ்கோப் 3 விருப்பக் கட்டம்தானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் முதல் அறிக்கைக்கு நான் சொல்லும் வழி இது. கிளைகளின் கணக்கை இந்த ஆண்டே முழுதாக முடியுங்கள். கடன்களில் நூற்றுக்கு நூறு அளக்க முயலாமல், மின்சாரம், சிமென்ட், உருக்கு, ஜவுளிப் பதனிடல், போக்குவரத்து ஆகிய துறைகளில் உள்ள பெரிய கணக்குகளை நிலுவைத் தொகையின் வரிசையில் எடுத்து, மேலிருந்து கீழாகப் போங்கள். மொத்தக் கடனில் எத்தனை சதவீதத்தை இப்படி அளந்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பிறகு கடன் பிரிவின் பொது மேலாளரைச் சந்தித்து, கடன் புதுப்பித்தல் படிவத்தில் நான்கு கட்டங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: சென்ற ஆண்டு செலவான மின்சாரம் எத்தனை யூனிட், எந்த வகை எரிபொருள் எத்தனை டன் அல்லது லிட்டர், இசைவாணையில் உள்ள கழிவுநீர் அளவு எவ்வளவு, உற்பத்தி எவ்வளவு. நடைமுறை மூலதனக் கடன்கள் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், பன்னிரண்டு மாதங்களில் அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றும் இந்தப் படிவத்தைக் கடந்துபோகும். அடுத்த ஏப்ரலில் நீங்கள் மறுபடி உட்காரும்போது, துறைச் சராசரியைத் தேடி அலைய வேண்டிய கணக்குகள் பாதியாவது குறைந்திருக்கும்.